பண்பாட்டுத் தூதர், பொறுமைப் பிரிவு

சரவெடி அன்று வெளியுறவு அமைச்சகத்து வரிசையில் வாய் திறக்காமல் நின்றதற்கு ஒரே காரணம் அவளுடைய கடைவாய்ப்பல். முந்தின நாள்தான் பல் டாக்டர் அதைப் பிடுங்கி, பள்ளத்தில் பஞ்சை அடைத்து, "பேச்சைக் குறைங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். துணைக்குப் போயிருந்த நாத்தனார் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அண்ணியின் வாய் சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் மூடியிருந்து அவள் பார்த்ததில்லை.

சரவெடி என்பது அவள் பெயரல்ல, வீட்டுக்காரர் வைத்த பட்டம். தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். மெஷின் சூடாகக் கொஞ்சம் நேரமானால் அதன் முதுகில் ஓர் அறை விடுவாள். யாராவது சில்லறைக்காகப் பையைத் துழாவினால் பையைப் பிடுங்கித் தானே எடுத்துக்கொள்வாள். பஸ் வரத் தாமதமானால் விடுவிடுவென்று நடந்தே போய்விடுவாள். போன இடத்தில் நின்றிருந்து, பின்னால் அந்த பஸ் வந்ததும் டிரைவரை நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் தன் வேலையைப் பார்ப்பாள். இப்பேர்ப்பட்டவளைத்தான் நாடு பொறுமைக்கு உதாரணமாக உலகத்துக்குக் காட்டியது. நாடு எதையும் அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டுச் செய்வதில்லை.

அவள் அங்கே போய் நின்ற விஷயம் இதுதான். வீட்டுக்காரர் லாரி டிரைவர். பக்கத்து நாட்டுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி ஏற்றிக்கொண்டு போனவரை எல்லைச் சாவடியில் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். நாற்காலிகள் அந்த நாட்டுக் கொடியின் நிறத்தில் இருந்தனவாம். கொடியின் மேல் ஜனங்களை உட்கார வைப்பது தேசத்தின் கௌரவத்துக்கு இழுக்கு என்று வழக்கு. நிறத்தைக் கேட்டது அந்த ஊர்ப் பள்ளிக்கூடம், கொடுத்தது கம்பெனி, மாட்டிக்கொண்டது ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர். அப்படியொன்றும் பெரிய குற்றமில்லை என்று பிடித்தவர்களே ஒப்புக்கொண்டார்கள். நம் தூதரகத்திலிருந்து ஒருவர் நேரில் போய், "ஆமாம், எங்கள் ஆள்தான், லாரி ஓட்டுகிறவர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை" என்று சொன்னால் விட்டுவிடுவார்களாம். அந்த ஒருவர் போகவில்லை. மழைக்காலம் முடிந்து வெயிலும் வந்துவிட்டது, இன்னும் போகவில்லை. அந்த ஒருவரை அனுப்பச் சொல்லித்தான் சரவெடி நடையாய் நடந்துகொண்டிருந்தாள்.

அன்றைக்கு வரிசை கட்டடத்தைத் தாண்டி நடைபாதைக்கு வந்துவிட்டது. கவுண்டர் குமாஸ்தா கண்ணாடிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார், எழுந்து போனார், திரும்பி வந்து, கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்று ஓர் அட்டையை மாட்டிவிட்டு மறுபடி போனார். ஜனங்கள் கத்தினார்கள். ஒருவர் முன்னால் நின்றவரின் சட்டையைப் பிடித்தார். சரவெடி மட்டும் கண்ணைப் பாதி மூடி, வீங்கின கன்னத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஆடாமல் அசையாமல் நின்றாள். அப்போது அவள் மனசுக்குள் ஓடிய வசவுகளை எழுதினால் இதை யாரும் அச்சடிக்க மாட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சாந்தமே சேலை கட்டிக்கொண்டு வந்து நிற்பது போலத்தான் இருந்தது.

அப்படி வெளியிலிருந்து, அதாவது மாடியில் தன் அறையிலிருந்து கேமரா வழியாகப் பார்த்தவர் மென்வலிமைத் துறையின் இயக்குநர். அவருக்கு அப்போது அவசரமாக ஒரு முகம் தேவைப்பட்டது.

நாட்டின் தேசியப் பண்பு எது என்று கண்டுபிடிக்க ஒரு குழு போட்டிருந்தார்கள். குழுவில் முதலில் நேர்மையை எடுத்தார்கள். நிதித்துறை ஆட்சேபித்தது, காரணம் சொல்லவில்லை. விருந்தோம்பல் என்றார்கள்; அப்படி அறிவித்தால் வெளிநாட்டார் நிஜமாகவே வந்துவிடுவார்கள் என்று உள்துறை பயந்தது. வீரம் தங்கள் துறையின் தனிச்சொத்து என்று பாதுகாப்புத் துறை எழுதியது. நகைச்சுவை உணர்வு என்று ஓர் இளைய அதிகாரி சொன்னார்; அவரை மாற்றல் செய்துவிட்டார்கள். மிஞ்சியது பொறுமை. அதற்கு மட்டும் எல்லாத் துறையும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டன. ஜனங்களிடம் இந்தப் பண்பை வளர்த்ததில் தங்கள் பங்குதான் அதிகம் என்று ஒவ்வொரு துறையும் தனித்தனியாக உரிமையும் கொண்டாடியது.

சரவெடியை மாடிக்கு அழைத்துப் போனார்கள். இத்தனை நாளில் யாரும் அவளை மாடிக்குக் கூப்பிட்டதில்லை. இயக்குநர் மேஜையைச் சுற்றி வந்து கும்பிட்டார்.

"வாங்கம்மா. உங்களைத்தான் இத்தனை நாளா தேடிக்கிட்டிருந்தோம்."

"என் வீட்டுக்காரர் விஷயமா?" பஞ்சு அடைத்த வாயிலிருந்து அது காற்றாகத்தான் வந்தது.

"ஆஹா, குரலே எவ்வளவு மென்மையா இருக்கு! இது அதைவிடப் பெரிய விஷயம்மா." அவளை உட்காரச் சொல்லவில்லை. நிற்பது நன்றாக இருந்தது என்று அவருக்கு எண்ணம். "ஒரு நாடு இன்னொரு நாட்டைத் தன் வழிக்குக் கொண்டுவரணும்னா முன்னெல்லாம் படையை அனுப்புவாங்க. நாம அனுப்பணும்னா வண்டிக்கு டீசல் போடணும். அதனால இப்ப மென்வலிமை. அடிக்காம, மிரட்டாம, நம்ம பண்பைக் காட்டியே அடுத்தவங்களை மயக்கறது. சில நாடு பாட்டை அனுப்புது, சில நாடு சினிமாவை அனுப்புது. பாட்டுன்னா பாடத் தெரியணும். சினிமான்னா எடுக்கத் தெரியணும். பொறுமைக்கு என்னம்மா வேணும்? கொஞ்சம் ஜனங்க, ஒரு மூடின கவுண்டர். ரெண்டும் நம்மகிட்ட தாராளமா இருக்கு."

சரவெடிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தன் பாட்டைச் சொன்னாள். "தூதரகத்துலேருந்து ஒரே ஒரு ஆள் ஜெயிலுக்குப் போய்ச் சொன்னா போதுங்க. அவரை விட்டுடுவாங்க."

"கைதிகளைப் போய்ப் பாக்கறதுக்குன்னே அங்க ஒருத்தர் இருந்தார்மா. அந்தப் பதவியைத்தான் புன்னகைப் பயிற்சியாளர் பதவியா மாத்திட்டோம். தூதரகத்துக்கு வர்றவங்களைப் பாத்து எப்படிச் சிரிக்கணும்னு நம்ம ஊழியர்களுக்குச் சொல்லித்தர்றார். அருமையான மனுஷன்."

"அவரையாவது போகச் சொல்லுங்களேன்."

"ஜெயில்ல போய்ச் சிரிச்சா தப்பா எடுத்துக்குவாங்கம்மா."

அவளைத் தேசியப் பொறுமையின் முகமாக நியமிக்கப்போவதாக இயக்குநர் சொன்னார். கவுண்டருக்கு வெளியே காத்து நிற்பதுதான் வேலை. அதைத்தான் அவள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தாள். இனிமேல் மேடையில் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

"மொதல்ல அவரை வெளிய கொண்டாந்து விடுங்க. அப்புறம் நீங்க எங்க சொன்னாலும் நிக்கறேன்."

இயக்குநர் முகம் வாடியது. "அவர் வந்துட்டா நீங்க எதுக்காகம்மா நிப்பீங்க? காரணமில்லாம நின்னா அது நடிப்பு. நம்ம துறை நடிப்பை ஊக்குவிக்கறதில்ல. உண்மையான பொறுமைக்கு உண்மையான கஷ்டம் இருக்கணும். வரிசையில நின்ன எல்லாரோட கஷ்டத்தையும் நான் பாத்தேன். உங்களுதுதான் தரமான கஷ்டம்."

சரவெடி வாயிலிருந்து பஞ்சை எடுத்தாள். எடுத்த வேகத்தைப் பார்த்தால் இயக்குநருக்கு அன்றைக்கு நல்ல நாள் இல்லை. ஆனால் அதற்குள் அவர் ஒன்று சொல்லிவிட்டார்: "முதல் பயணமே உங்க வீட்டுக்காரர் இருக்கற நாட்டுக்குத்தான். தூதர்களுக்குக் கொடுக்கற பாஸ்போர்ட்டே உங்களுக்கும் தர்றோம்."

அவள் பஞ்சை மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள்.

வீட்டில் நாத்தனார் கதையைக் கேட்டு, "பொறுமைக்கு உங்களையா அண்ணி?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்துவிட்டாள். உள்ளே கிடப்பது அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். "எப்படியாவது ஒரு தடவை அண்ணனைப் பாத்துட்டு வந்துடுங்க. அதுவரைக்கும் வாயைக் கட்டிக்கிட்டு இருங்க அண்ணி, உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்" என்றாள். சரவெடி கட்டிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தாள். பல் பிடுங்கின இடம் ஆறியதும் அது அவள் சொந்த முயற்சியில்தான் நடக்க வேண்டும்.

பயிற்சி ஒரு காலிக் கிடங்கில் நடந்தது. இதற்கென்று துறை அமர்த்திய பயிற்சியாளர் பொறுமையின் இலக்கணத்தைப் பாடமாகவே வகுத்து வைத்திருந்தார். பெருமூச்சு விடக்கூடாது, அது விமரிசனம். கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது; அது அவநம்பிக்கை. முன்னால் நிற்பவரின் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பது கிட்டத்தட்டக் கலகம். காலை மாற்றி நிற்கலாம், ஆனால் அதில் ஒரு நளினம் வேண்டும். கண்ணில் நம்பிக்கை தெரிய வேண்டும். எதன்மேல் நம்பிக்கை என்பது தெரியக்கூடாது.

குழுவில் சரவெடியோடு இன்னும் பலரைச் சேர்த்திருந்தார்கள். எல்லாரும் நிஜமாகவே எதற்காகவோ காத்திருப்பவர்கள். ஒருவர் பென்ஷனுக்காக, ஒருத்தி தண்ணீர் இணைப்புக்காக, ஒருவர் தான் சாகவில்லை என்று நகராட்சி ஒப்புக்கொள்வதற்காக. இதில் பென்ஷன்காரருக்குப் பயிற்சியின் நடுவிலேயே பென்ஷன் வந்து தொலைந்தது. இயக்குநர் கொதித்துப் போனார். பென்ஷன் அலுவலகத்துக்குக் கடுமையாக எழுதினார். தேச நலனில் அக்கறையில்லாமல் யாரோ ஒருவர் அவசரப்பட்டுவிட்டதாக அவர்கள் வருத்தம் தெரிவித்தார்கள். அந்த மனிதரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவர் போகும்போது சிரித்துக்கொண்டே போனதை மற்றவர்கள் பார்க்காமலிருக்கத் திரையை இழுத்து மூடினார்கள்.

கவுண்டருக்கு அமைச்சகத்துக் குமாஸ்தாவையே அழைத்து வந்தார்கள். மடித்து எடுத்துப்போகும்படியான மரக் கவுண்டரும், கண்ணாடியும், கொக்கியில் மாட்டும் அட்டையும் புதிதாகச் செய்து கொடுத்தார்கள். அவர் உள்ளே வருவார், உட்காருவார், பேனாவைத் தேடுவார், எழுந்து போவார். முதல் ஒத்திகை முடிந்ததும் எல்லா அதிகாரிகளும் கைதட்டினார்கள். குமாஸ்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சர்வீஸ்ல சேந்ததுலேருந்து இதையேதாங்க பண்றேன்," என்று சரவெடியிடம் சொன்னார். "இது கலைன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் சொல்லலீங்க. எல்லாரும் திட்டத்தான் திட்டினாங்க. நீங்ககூட."

"நான் நெறையத் திட்டியிருக்கேன்."

"நல்லா ஞாபகமிருக்கு."

பக்கத்து நாட்டுத் தலைநகரத்தில் பெரிய அரங்கம் ஏற்பாடாகியிருந்தது. திரை விலகியது. வரிசை நின்றது. குமாஸ்தா வந்து கண்ணாடிக் கதவைத் திறந்தார். வரிசை முழுக்க ஓர் அரையடி முன்னால் நகர்ந்தது. அவர் யோசித்துப் பார்த்துவிட்டுக் கதவை மூடினார். வரிசை அதே அரையடி பின்னால் வந்தது. சரவெடி முதல் ஆளாக நின்று, கண்ணைப் பாதி மூடி, தலையைச் சாய்த்தாள். அரங்கத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். முடிந்ததும் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். முதல் வரிசையில் அந்த நாட்டு மந்திரி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தங்கள் ஜனங்கள் ஏன் இப்படி இல்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டதாக மறுநாள் பத்திரிகையில் வந்தது.

தங்கியிருந்த ஹோட்டல் ஜன்னலிலிருந்து பார்த்தால் தூரத்தில் ஒரு நீளமான மஞ்சள் சுவர் தெரிந்தது. அறையைப் பெருக்க வந்த பெண்ணிடம் சைகையில் விசாரித்தபோது அவள் இரண்டு கையையும் சேர்த்து விலங்கு மாட்டினதுபோலக் காட்டினாள். சரவெடி நேரே இயக்குநரின் அறைக்குப் போனாள்.

"அவர் அங்கதாங்க இருக்காரு. நடந்தே போயிடலாம். பத்து நிமிஷம் விடுங்க, பாத்துட்டு ஓடியாந்துடறேன்."

"நிகழ்ச்சி நிரல்ல இடமில்லையேம்மா. இன்னிக்கு மதியம் ஓவியக் கண்காட்சி இருக்கு. நீங்க நிக்கற மாதிரி நம்ம ஓவியர் வரைஞ்சது." பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "பொறுமைத் தூதரே ஜெயில் வாசல்ல போய்ப் பரபரத்தா இதுவரைக்கும் செஞ்சதெல்லாம் வீண். நாளைக்குக் கூட்டறிக்கை. அதுல பிடிபட்ட டிரைவர்கள் விஷயமும் இருக்கு. நானே போராடிச் சேத்தேன். ஒரு நாள்தானே?"

ஒரு நாள்தானே என்று சரவெடி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஜன்னலருகே நின்று அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே அழுதாள். கோபக்காரிகளுக்கு அழுகை அவ்வளவாகப் பழக்கமில்லை. அதை எங்கே நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. முகம் வீங்கி நின்றதை ஓவியக் கண்காட்சியில் எல்லாரும் பாராட்டினார்கள்.

மறுநாள் இரண்டு நாட்டுக் கொடியும் வைத்த மேடையில் மந்திரி எழுந்து பேசினார். அவர் பேசப்பேச மொழிபெயர்ப்பாளர் நம் மொழியில் சொல்லிக்கொண்டே வந்தார். "நேற்று முன்தினம் உங்கள் வரிசையைக் கண்டு நான் உருகிப் போனேன். காத்திருப்பதையே ஓர் அறமாக வளர்த்திருக்கிறீர்கள். இத்தகைய மக்களின் விஷயத்தில் நாங்கள் அவசரப்பட்டு ஒரு முடிவை எடுத்தால், அது உங்கள் பண்பை நாங்கள் புரிந்துகொள்ளவில்லை என்றாகிவிடும். ஆகவே, உங்கள் பொறுமைக்கு மரியாதை செலுத்தும் வகையில், ஓட்டுநர்கள் பற்றிய பேச்சை அடுத்த மாநாட்டுக்கு ஒத்திவைக்கிறோம்."

இயக்குநர்தான் முதலில் எழுந்து கைதட்டினார். சந்தோஷத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. "கேட்டீங்களாம்மா? அவங்க அரசாங்கத்து முடிவுக்கே நம்ம பண்பைக் காரணமா காட்டிட்டாங்க! பாட்டு அனுப்பினவனுக்குக் கெடச்சுதா இது? சினிமா அனுப்பினவனுக்குக் கெடச்சுதா?"

"அவரை விடமாட்டாங்களா?"

"விடுவாங்க, விடுவாங்க. அடுத்த மாநாட்டுல."

"அது எப்பங்க?"

"தேதியெல்லாம் நாம கேக்கலாமாம்மா? நாமளே கேட்டா நல்லாவா இருக்கும்? போங்க, உங்களை நன்றி சொல்லக் கூப்பிடறாங்க."

சரவெடி மேடையேறினாள். அவள் பின்னால் குழுவினர் வரிசையாக வந்து நின்றார்கள்; ஓரமாக விரித்து வைத்த மரக் கவுண்டருக்குள் குமாஸ்தா போய் உட்கார்ந்தார். அவள் மைக்கைப் பிடித்தாள். நாத்தனாருக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. அவரைப் பார்க்கும்வரைக்கும்தானே கட்டிக்கொள்ளச் சொன்னாள், இனி பார்க்கப்போவதில்லை என்றால் எதற்குக் கட்டிக்கொள்வது என்று தோன்றியது.

"யோவ்," என்றாள் மந்திரியைப் பார்த்து. "உனக்கு வெக்கமாயில்ல?"

மொழிபெயர்ப்பாளர் அனுபவஸ்தர். அவர் ஏதோ சொல்ல, மந்திரி அடக்கமாகத் தலை வணங்கினார். கூட்டம் கைதட்டியது. சரவெடி விருட்டென்று மொழிபெயர்ப்பாளர் பக்கம் திரும்பினாள்.

"நான் கேட்டதுக்கு எதுக்குய்யா கைதட்டறாங்க? நான் சொல்றதை அப்படியே சொல்லு. ஒரு சொல்லு கொறைஞ்சுது, மேடைன்னும் பாக்கமாட்டேன்."

அவர் அவள் கண்ணைப் பார்த்தார். அதற்கப்புறம் தன் உத்தியோகத்திலேயே முதல் தடவையாக, சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்த்தார்.

"நாற்காலின்னா உக்காரத்தான்யா! உங்க ஊருப் பள்ளிக்கூடம் கேட்ட கலர்ல கொண்டாந்த மனுஷனைப் பிடிச்சு உள்ள வெச்சுக்கிட்டு, எனக்குக் கைதட்டறீங்களா? நான் ஒண்ணும் பொறுமைசாலி இல்ல. அன்னிக்குப் பல்லு புடுங்கியிருந்துச்சு, வாயில பஞ்சு, அதனால பேசாம நின்னேன்! வாயை மூடிக்கிட்டு நிக்கறவனுக்கெல்லாம் கோவமே இல்லைன்னு உங்களுக்கு எவன் சொன்னான்? இதோ பின்னால நிக்கறாங்களே, கேட்டுப் பாருங்க!"

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் இணைப்புக்காரி முதலில் ஆரம்பித்தாள். சாகாதவர், தான் உயிரோடு இருப்பதற்கு அடையாளமாகத் தொண்டை கிழியக் கத்தினார். குழு முழுக்கச் சேர்ந்துகொண்டது. கடைசியில் கவுண்டர் குமாஸ்தாவே கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டி, "எனக்கும் பிரமோஷன் வரலீங்க!" என்று அலறினார்.

காவலர்கள் ஓடி வந்தார்கள். வந்தவர்கள் அவள் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்கள். அவள் தூதர். தூதரைத் தொடக்கூடாது. மரியாதை விதிகளுக்கென்றே இருந்த ஓர் அதிகாரி வந்தார். பவ்வியமாக நின்று விதியைச் சொன்னார். தூதர் என்ன செய்தாலும் கைது செய்ய முடியாது. வேண்டாத விருந்தாளி என்று அறிவித்து நாட்டைவிட்டு வெளியேற்றத்தான் முடியும். மறுநாள் பொழுது சாய்வதற்குள் அவர் கிளம்பிவிட வேண்டும். தூதரின் குடும்பத்தார் யாராவது இங்கே தங்கியிருந்தால் அவர்களும் கூடவே கிளம்ப வேண்டும். அவர்களுக்கு இங்கே இருக்க அதற்குமேல் ஒரு நாள்கூட அனுமதி கிடையாது.

"தங்கள் குடும்பத்தார் யாராவது எங்கள் நாட்டில் இருக்கிறார்களா?" என்று மொழிபெயர்ப்பாளர் அவர் சார்பில் கேட்டார்.

சரவெடி ஒரு நிமிஷம் அந்த அதிகாரியை உற்றுப் பார்த்தாள்.

"இருக்காரு," என்றாள். "என் வீட்டுக்காரரு. உங்க ஜெயில்லதான் தங்கியிருக்காரு."

மேடைக்குப் பின்னால் அவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். விதியில் சிறைக்கு விலக்கு இல்லை. பண்பைக் காட்டி மாதக்கணக்கில் நகராத காரியம், மேஜையில் வைத்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

ஒரே ஒருவர் மட்டும் எதிர்த்தார். இயக்குநர். நாட்டின் தூதரை வெளியேற்றுவது நாட்டுக்கே அவமானம் என்று கடுமையாகக் கண்டித்தார். இந்த முடிவை உடனே திரும்பப் பெற்று, அம்மாவையும் அவர் கணவரையும் அவரவர் இருந்த இடத்திலேயே இருக்க அனுமதிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். நல்லவேளை, அந்த நாட்டார் அவர் பேச்சை மதிக்கவில்லை.

மஞ்சள் சுவரில் இருந்த சின்னக் கதவு வழியாக வீட்டுக்காரரைக் கொண்டுவந்து விட்டபோது சரவெடிக்கு அடையாளம் தெரியக் கொஞ்ச நேரமாயிற்று. சட்டை தோளில் தொங்கியது. முன்பெல்லாம் அவள் ஒரு வார்த்தை சொன்னால் அவர் ரெண்டு வார்த்தை கேலி பேசுவார். இப்போது, "வந்துட்டியா" என்று மட்டும் கேட்டார். ஊர் வரும் வரைக்கும் அவள் பேசிக்கொண்டே வந்தாள். பல் பிடுங்கினது, பஞ்சு, குமாஸ்தா, யோவ் என்று கூப்பிட்டது எல்லாம் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்திருந்தார். அவள் "குடிங்க" என்ற பிறகுதான் திறந்தார். அவருக்குக் களைப்பு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வீட்டு வாசலில் அவர்களுக்கு முன்பே அமைச்சகத்துக் கார் நின்றிருந்தது. வேறு விமானத்தில் வந்து சேர்ந்துவிட்ட இயக்குநர் பூங்கொத்தோடு இறங்கினார். அவருக்கு வேலை போகவில்லை, பதவி உயர்ந்திருந்தது.

"அம்மா, நேத்து நீங்க பேசினதை உலகமே பாத்திருக்கு! பக்கத்து நாட்டு ஜனங்களே கடைத்தெருவில உங்களை மாதிரி பேசிக் காட்டறாங்களாம். நம்ம மந்திரி ராத்திரியோட ராத்திரியா குழுவைக் கூட்டிட்டார். இனிமே நம்ம தேசியப் பண்பு பொறுமை இல்ல, தார்மிகக் கோபம். நீங்கதான் தலைமைத் தூதர். அடுத்த மாசம் மூணு நாடு. ஒவ்வொரு ஊர்லயும் சாயங்காலம் ஒரு தடவை கோபப்பட்டா போதும். கோபத்துக்கு வேண்டிய காரணத்தைத் துறையே ஏற்பாடு பண்ணிடும்."

சரவெடியின் பார்வை வீட்டுக்காரர் மேல் இருந்தது.

நாத்தனார் கதவை அகலத் திறந்து வைத்து, "அண்ணா, உள்ள வாங்கண்ணா" என்று கண்ணீரோடு கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் வாசற்படிக்கு ஓரடி இந்தப் பக்கம் நின்றிருந்தார். கைகளைப் பக்கவாட்டில் ஒட்டி வைத்திருந்தார். நாத்தனார் கூப்பிட்டது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. கோட்டுப் போட்டு, கழுத்தில் அடையாள அட்டை மாட்டியிருந்த இயக்குநரை ஏறிட்டுப் பார்த்தார்.

"உள்ள போகலாமா ஐயா?" என்று கேட்டார்.

இயக்குநர் பழக்க தோஷத்தில், "பாக்கலாம்" என்றார்.

வீட்டுக்காரர் சரி என்று தலையாட்டிவிட்டு அங்கேயே நின்றார்.

தெரு முழுக்கக் காது கொடுத்துக் காத்திருந்தது. எதிர்வீட்டுக்காரர் ஜன்னலை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டார். இயக்குநர்கூட ஓரடி பின்வாங்கி, ஆவலோடு செல்போனைத் தூக்கிப் பிடித்தார். சரவெடிக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கு வீட்டுக்காரர் மேல் பொங்கிப் பொங்கி வந்தது பாசம், பாசம் மட்டும்தான். கிட்டே போய் அவர் கையைப் பிடித்தாள். அது சில்லென்று இருந்தது.

"என்னம்மா, ஒண்ணும் சொல்லமாட்டேங்கறீங்க?" என்றார் இயக்குநர் ஏமாற்றத்தோடு.

"வாங்க," என்று அவள் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவள் குரல் அவ்வளவு தணிந்து வந்ததை நாத்தனார் அதற்குமுன் கேட்டதில்லை. "இது நம்ம வீடுங்க. யாரையும் கேக்க வேண்டாம்."

அவர் படியைத் தாண்டி உள்ளே வந்தார். நாத்தனார் கதவைச் சாத்தினாள். கூடத்தின் நடுவில் வந்ததும், அடுத்து எங்கே நிற்க வேண்டும் என்று கேட்பதுபோல் அவர் சரவெடியைப் பார்த்தார்.